முதலாளி வேறு, கம்பெனி வேறா? பி.பி.ஏ., எல்எல்.பி. படித்த கதை

"பி.பி.ஏ., எல்எல்.பி.ன்னா வக்கீலா, மேனேஜரா?" திருப்பூரில் இந்தக் கேள்வி கேட்காத சொந்தக்காரர் எனக்கு இல்லை. படித்து முடித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து, கறுப்புக் கோட்டும் போட்டாயிற்று, இன்னும் கேட்கிறார்கள். கேட்பவர்கள் மேல் தப்பில்லை. ஐந்து வருடம், இரண்டு பட்டத்தின் பெயர், கையில் கிடைப்பது ஒரே சான்றிதழ். சட்டத்தையும் வியாபாரத்தையும் சேர்த்துச் சொல்லித்தருகிறோம் என்று கல்லூரிக் கையேட்டில் போட்டிருப்பார்கள். சேர்த்தெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. மேனேஜ்மென்ட் வாத்தியார் ஒரு கதவு வழியாக வருவார், சட்ட வாத்தியார் இன்னொரு கதவு வழியாக வருவார், ஒருவர் என்ன நடத்தினார் என்று மற்றவருக்குத் தெரியாது. இரண்டையும் ஒட்டவைக்கிற வேலை மாணவர் தலையில். என் அனுபவத்தில் இரண்டும் பல இடங்களில் ஒட்டவும் ஒட்டாது, அந்த ஒட்டாத இடங்களில்தான் இந்தப் படிப்பே இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

எங்கள் வீட்டுப் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக்கொடுக்கிறார்கள். கட்டிங் முடிந்த துணி டெலிவரி சலானோடு வரும், பவர் டேபிளில் தைத்து, செக்கிங் பார்த்து, சலானோடு திரும்பிப் போகும். பில் அன்றைக்கே போகும். பணம் எப்போது வரும் என்பது வேறு கதை, அதற்கு அப்புறம் வருகிறேன். வீட்டில் ஒரு வக்கீல் இருந்தால் நல்லது, கணக்கு தெரிந்த வக்கீல் இருந்தால் இன்னும் நல்லது என்பதுதான் என்னை 2019இல் சென்னைக்கு அனுப்பியபோது அப்பாவின் கணக்கு.

முதல் வருடத்தில் அக்கவுண்ட்ஸ் வகுப்பில் முதலில் சொல்லித்தந்தது, முதலாளி வேறு தொழில் வேறு என்பது. முதலாளி போட்ட பணம் தொழில் அவருக்குத் திருப்பித்தர வேண்டிய பணம், அதனால்தான் பேலன்ஸ் ஷீட்டில் மூலதனம் கடன்கள் இருக்கிற பக்கம் உட்காருகிறது. கல்லாவிலிருந்து எடுத்து வீட்டுக்கு சிலிண்டர் வாங்கினால் அது செலவு அல்ல, எடுப்பு. எங்கள் வீட்டில் யாரும் இப்படி யோசித்ததே இல்லை என்பதால் எனக்கு இது பெரிய வெளிச்சமாக இருந்தது. விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும் அப்பாவிடம் நீங்கள் வேறு, யூனிட் வேறு என்று பாடம் நடத்தினேன். "அப்படீன்னா யூனிட் கடனுக்கு யூனிட்டுகிட்டயே போய்க் கேக்கச் சொல்லு" என்றார்.

அடுத்த செமஸ்டரில் சட்ட வகுப்பு அப்பா பக்கம் பேசியது. தனி ஆள் நடத்துகிற தொழிலுக்கும் அந்த ஆளுக்கும் சட்டத்தின் கண்ணில் வித்தியாசமே கிடையாது. கடைக்குப் பெயர் வைத்து, போர்டு மாட்டி, தனியாக வங்கிக் கணக்கு வைத்திருந்தாலும் கடை வாங்கிய கடனுக்கு வீடு வரைக்கும் போகலாம். பங்காளித் தொழிலென்றால் இன்னும் மோசம். 1932ஆம் வருடத்துப் பங்குடைமைச் சட்டத்தின் 25ஆவது பிரிவுப்படி ஃபர்ம் பட்ட கடனுக்கு ஒவ்வொரு பங்காளியும் சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாகவும் பொறுப்பு. பெரியப்பா ஒரு சலானில் போடும் கையெழுத்து எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வரும். ஒரே கட்டடத்தில், ஒரே வருடத்தில், ஒரு வகுப்பில் முதலாளியும் தொழிலும் வேறு வேறு, இன்னொன்றில் இரண்டும் ஒன்று. இரண்டுமே சரி என்று பரீட்சையில் எழுத வேண்டும். ஒன்று கணக்கு எழுதுவதற்கான ஏற்பாடு, மற்றது கடனை யாரிடம் வசூலிப்பது என்ற கேள்விக்கான பதில். இதை யாராவது ஒருவர் ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சொல்லியிருக்கலாம்.

கம்பெனிச் சட்டத்துக்கு வந்தபோதுதான் இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தன. சட்டம் படித்தவர்கள் எல்லோருக்கும் சாலமன் வழக்கு தெரியும். லண்டனில் தோல் பூட்ஸ் செய்து விற்ற ஆரன் சாலமன் தன் தொழிலை ஒரு கம்பெனியாக மாற்றினார். அப்போதைய சட்டப்படி ஏழு பேர் வேண்டும், மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு பங்கு, அவருக்கு 20,001 பங்கு. கொஞ்ச நாளில் கம்பெனி நொடித்தது. கம்பெனி என்பது இவருடைய முகமூடிதானே, இவரே கடனைக் கட்டட்டும் என்றார்கள். இல்லை, சட்டப்படி பதிவானதும் கம்பெனி வேறு ஆள், சாலமன் வேறு ஆள் என்று 1896இல், அங்கே மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. அக்கவுண்ட்ஸ் வாத்தியார் எல்லாத் தொழிலுக்கும் இலவசமாகக் கொடுத்த தனி அந்தஸ்தை, சட்டம் பதிவு செய்தவனுக்கு மட்டும் கொடுக்கிறது. அதுவும் நடைமுறையில் பாதிதான் கிடைக்கும். சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் கடன் தரும் வங்கி இயக்குநரிடம் சொந்த ஜாமீன் கையெழுத்து வாங்காமல் விடுமா? அந்த ஒரு கையெழுத்தில் சாலமன் வீடு வந்து சேர்ந்துவிடுவார். இதை இன்டர்ன்ஷிப் போன இடத்தில் கடன் பத்திரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பங்குடைமைச் சட்டத்தில் எனக்குத் தூக்கம் கெடுத்த பிரிவு இன்னொன்று, 69. ஃபர்மைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் பதிவு செய்யாத ஃபர்ம், ஒப்பந்தப்படி வரவேண்டியதைக் கேட்டு வெளி ஆள் மேல் வழக்குப் போட முடியாது. அவர்கள் நம் மேல் போடலாம், நாம் அவர்கள் மேல் போட முடியாது. எங்கள் ஃபர்ம் பதிவாகாதது. பெரியப்பாவிடம் சொன்னேன். "நாங்க அண்ணன் தம்பி, எங்களுக்கெதுக்கு அம்மணி ரிஜிஸ்டர் ஆபீசு?" அண்ணன் தம்பிக்குள் சண்டை வருவதற்காக இல்லை பெரியப்பா, அடுத்தவன் மேல் வழக்குப் போடுவதற்கு என்று விளக்கினால், "அடுத்தவன் மேல கேஸ் போட்டுட்டு இந்த ஊர்ல யாருகிட்டத் தெச்சுக் குடுக்கறது?" என்று கேட்டார். வகுப்பில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் மேனேஜ்மென்ட் பாடத்தில் இதற்கு மரியாதையான விளக்கம் இருக்கிறது: பேப்பரும் வக்கீலும் முத்திரைத் தாளும் செலவு, நம்பிக்கை இருக்கிற இடத்தில் அந்தச் செலவு மிச்சம், மிச்சப்படுத்தியவன் விலையைக் குறைத்துச் சொல்லி ஆர்டரைப் பிடிப்பான். திருப்பூர் வளர்ந்ததில் இந்த மிச்சத்துக்கு ஒரு பங்கு உண்டு. நம்பிக்கை உடைகிற அன்றைக்கு மிச்சம் பிடித்ததெல்லாம் வட்டியோடு போகும் என்பது சட்ட வகுப்பின் பதில். இரண்டில் எது சரி என்று கேட்டால், எத்தனை தடவை உடைகிறது என்பதைப் பொறுத்தது என்பேன். பெரியப்பாவுக்கு இதுவரை பெரிதாக உடையவில்லை.

சரி, இந்தப் படிப்பில் இருக்கிற பெரிய வேடிக்கையைச் சொல்கிறேன். மூன்று வருடம் மார்க்கெட்டிங், ஹெச்.ஆர்., நிதி நிர்வாகம், தொழில்முனைவு என்று படிப்போம். அப்புறம் நெறிமுறைப் பாடத்தில் பார் கவுன்சில் விதிகள் வரும். விதி 36: வக்கீல் விளம்பரம் செய்யக்கூடாது. வெப்சைட்டில் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்தத் துறையில் வாதாடுகிறார் என்ற அளவுக்குப் போடலாம், அதற்கு மேல் இல்லை. விதி 47: வக்கீல் தானே நேரடியாகத் தொழில் நடத்தக்கூடாது, வக்கீல் கௌரவத்துக்குப் பொருந்தாத தொழில் இல்லையென்றால் ஸ்லீப்பிங் பார்ட்னராக இருக்கலாம். விதி 49: முழுநேரச் சம்பளத்துக்குப் போனால் பிராக்டீஸ் செய்யக்கூடாது. ஆக, வியாபாரம் படித்தவள் வியாபாரம் செய்யக்கூடாது, மார்க்கெட்டிங் படித்தவள் தன்னை விற்கக்கூடாது, ஹெச்.ஆர். படித்தவள் கம்பெனி வேலைக்குப் போனால் கோட்டைக் கழற்றி வைக்க வேண்டும். யூனிட்டையும் பார்த்துக்கொண்டு கோர்ட்டுக்கும் போவேன் என்று அப்பா போட்டிருந்த திட்டம் இந்த மூன்று விதிகளில் முடிந்துபோனது. இதை முதல் வருடத்திலேயே சொல்லியிருந்தால் வகுப்பில் பாதிப் பேர் பி.ஏ., எல்எல்.பி.க்கு மாறியிருப்பார்களோ என்னவோ.

ஐந்து வருடப் படிப்பில் மொத்தம் 20 வாரம் இன்டர்ன்ஷிப் போக வேண்டும் என்பது பார் கவுன்சிலின் 2008ஆம் வருடத்து விதி. நிறையப் பேர் மும்பை, பெங்களூருப் பெரிய லா ஃபர்ம்களுக்கு மெயில் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். நானும் அனுப்பினேன், சென்னையில் ஒன்று கிடைத்தது. குளிரூட்டிய அறையில் பெரிய ஒப்பந்தங்களில் கட்டாயம் என்று சொல்லும் 'ஷல்' எங்கே, விருப்பம் என்று சொல்லும் 'மே' எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். உபயோகமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கற்றுக்கொண்டது திருப்பூரில், செக் கேஸ்கள் நிறைய வைத்திருந்த ஒரு சீனியரிடம்.

செக் கேஸ் என்றால் 1881ஆம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 138. கட்சிக்காரர் ஒரு மஞ்சள் பையோடு வருவார். உள்ளே பில், சலான், செக், செக்கின் மேல் ஸ்டேபிள் அடித்த சின்னத் துண்டுச் சீட்டு. அதுதான் வங்கியின் ரிட்டர்ன் மெமோ, 'ஃபண்ட்ஸ் இன்சஃபிஷியன்ட்' என்ற வரிக்கு எதிரே ஒரு டிக். எவ்வளவு தொகை, யார் கொடுத்தது என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது சீனியர் அந்தத் துண்டுச் சீட்டில் இருந்த ரப்பர் முத்திரையைத்தான் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "மொதல்ல தேதி, அப்புறம் தொகை." செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். செக்குக்கே மூன்று மாதம்தான் ஆயுள், அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் வங்கியில் போடலாம். "இன்னொரு தடவ போட்டுப் பாருங்க, இந்த வாட்டி பாஸ் ஆயிடும்" என்று எதிர்ப்பக்கத்துக்காரர் அன்பாகச் சொல்லிச் சொல்லியே அந்த மூன்று மாதத்தைக் கடத்தப் பார்ப்பார்.

இங்கே என் பி.பி.ஏ. பாதிக்கு முதல் முறையாக வேலை வந்தது. யார் எவ்வளவு தர வேண்டும், எத்தனை நாளாக என்று 30 நாள், 60 நாள், 90 நாள் என்று கட்டம் கட்டிப் பட்டியல் போடுவதை நிதி நிர்வாகத்தில் நடத்துவார்கள். சீனியரின் கேஸ் கட்டுகளை அப்படி ஒரு எக்செல் ஷீட்டில் போட்டேன்: செக் தேதி, மெமோ தேதி, நோட்டீஸ், ஒப்புகை அட்டை வந்த நாள், புகாருக்குக் கடைசி நாள். குமாஸ்தா அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் என் தலைக்குள்ளயே இருக்கும்மா" என்றார். இருந்ததும் உண்மைதான். அவர் லீவு போட்ட வாரத்தில் சீனியர் என் ஷீட்டைப் பிரின்ட் எடுத்துக்கொண்டார்.

பணம் எப்போது வரும் என்ற கதைக்கு இப்போது வருகிறேன். குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006இல் வந்தது. அதன் 15ஆவது பிரிவுப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்தில் வேறு கெடு இல்லையென்றால் 15 நாளில் கொடுக்க வேண்டும். எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. போனால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டி. கோர்ட்டுக்குக்கூடப் போக வேண்டாம், இந்தப் பாக்கிகளை விசாரிக்கவே இருக்கிற ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் மனுப் போடலாம். தீர்ப்பை எதிர்த்துப் போக நினைக்கும் எதிர்ப்பக்கத்துக்காரர் 75 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். காகிதத்தில் இதைவிட நல்ல சட்டம் கிடையாது. செமினாரில் இதைப் பற்றிப் பேசி நல்ல மார்க் வாங்கினேன்.

பக்கத்துச் சந்தில் அயர்னிங், பேக்கிங் எடுத்துச் செய்யும் மாமா ஒருவருக்கு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியிடமிருந்து ஆறு மாதமாகப் பணம் வரவில்லை. குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் இருந்தது, பில் இருந்தது, எல்லாம் சுத்தம். நோட்டீஸ் டிராஃப்ட் பண்ணி எடுத்துக்கொண்டு போனேன். படித்தார், தண்ணீர் குடித்தார், மடித்து மேசை டிராயரில் வைத்தார். "பணம் வந்துரும் அம்மணி. அடுத்த ஆர்டர் வருமா?" அந்த நோட்டீஸ் இன்றைக்கும் போகவில்லை. பணம் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக, பிடித்தம் போக வந்தது.

ஒரே வாடிக்கையாளரை நம்பி இருக்கிறவனுக்குப் பேரம் பேசும் சக்தி இல்லை என்பது மேனேஜ்மென்ட் பாடத்தில் ஒரு வரி. உரிமை இருக்கிறது, தீர்வு இருக்கிறது என்பது சட்டப் பாடத்தில் ஒரு அத்தியாயம். அந்த ஒரு வரிதான் அத்தியாயத்தைச் செல்லாமல் அடிக்கிறது. அரசுக்கும் இது தெரியாமல் இல்லை போலும், 2023ஆம் வருடத்து நிதிச் சட்டத்தில் வேறு வழியாக வந்தார்கள். வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று சேர்த்து, குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால் அந்தச் செலவை உண்மையில் கொடுக்கிற வருடத்தில்தான் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். சின்னவன் வாய் திறக்க வேண்டாம், பெரியவனின் ஆடிட்டரே அவசரப்படுத்துவார். புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் 2024 மார்ச்சில் எங்கள் பக்கம் நடந்த பேச்சு என்ன தெரியுமா? "ஆர்டர உத்யம் இல்லாத ஆளாப் பாத்துக் குடுங்க." வியாபாரம் தெரியாமல் சட்டம் எழுதினால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான், தெரிந்து எழுதினாலும் இவ்வளவு சீக்கிரம் சந்து கண்டுபிடிப்பார்கள் என்பது எனக்குப் புதிது.

கடைசி வருடத்தில் சென்னையில் என்.சி.எல்.டி. என்கிற தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் பக்கம் கொஞ்ச நாள் போனேன். 2016ஆம் வருடத்துத் திவால் சட்டம் அங்கேதான் ஓடுகிறது. பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிந்த ஜூனியருக்கு அங்கே மரியாதை உண்டு, நம் பட்டத்துக்கு ஏற்ற இடம் அதுதான் என்பார்கள், உண்மைதான். ஆனால் அந்தச் சட்டத்தின் 53ஆவது பிரிவைப் படித்தபோது எனக்கு அயர்னிங் மாமாவைத்தான் நினைக்கத் தோன்றியது. கம்பெனியைக் கலைத்து விற்ற பணத்தில் முதலில் நடவடிக்கைச் செலவு, அடுத்து தொழிலாளர்களின் 24 மாத நிலுவையும் அடமானம் வைத்திருக்கும் வங்கியும் சமமாக, பிறகு மற்ற ஊழியர்கள், பிறகு அடமானம் இல்லாத நிதிக் கடன்காரர்கள், பிறகு அரசு. சரக்குக் கொடுத்தவரும் ஜாப் ஒர்க் செய்தவரும் அதற்கும் கீழே 'மீதிக் கடன்கள்' என்ற வரியில்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், 2011. அந்த ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன், துணி சாயம் போட வெளியூர் போனதும், யூனிட்டில் டேபிள்கள் சும்மா நின்றதும், வீட்டில் பெரியவர்கள் கோர்ட்டைத் திட்டியதும் நினைவிருக்கிறது. கல்லூரியில் பொருளாதாரப் பாடத்தில், ஒருவரின் உற்பத்திச் செலவை ஊர் தலையில் கட்டுவதைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. சுற்றுச்சூழல் சட்டத்தில், மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும் என்று 1996இல் வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்தோம். எங்கள் ஊர்ச் சாயக் கழிவு கலந்த நொய்யல் ஆற்றைப் பற்றிய வழக்குகளையும் படித்தேன். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, விவசாயிகளே அதைத் திறக்காதே என்று சொன்ன கதையைத் தீர்ப்புகளில் வாசிக்கும்போது, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்ட கதையில் அந்த விவசாயிகள் இல்லவே இல்லை என்பது உறைத்தது. நாங்கள் சம்பாதித்ததில் அவர்கள் கட்டிய பங்கு ஒன்று இருந்தது, எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் அது இல்லை. அப்பாவிடம் இதைப் பேசினால் இன்றைக்கும் சண்டை வரும், அதனால் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பேசுவதில்லை.

நடுவில் கொரோனா வந்து, மாணவர்கள் வாதாடிப் பழகும் மூட் கோர்ட்டில் பாதியைப் படுக்கையறையில் நின்று வாதாடியது, படித்து முடிக்கும் நேரத்தில் 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டமே போய்ப் புதிய சட்டம் வந்து, ஊரே வசவாகப் பயன்படுத்தும் 420ஆம் பிரிவு 318க்குள் போனது எல்லாம் தனியாக எழுத வேண்டிய புலம்பல்கள்.

சேரலாமா என்று கேட்கிறவர்களுக்கு. சட்டத்தில் ஆர்வமில்லாமல் மேனேஜ்மென்டுக்காக மட்டும் வராதீர்கள், மூன்றாம் வருடத்துக்கு மேல் கிட்டத்தட்ட முழுக்கச் சட்டம்தான். பிடிக்காமல் நடுவில் விலகினால் பி.பி.ஏ.வை மட்டும் வெட்டிக் கொடுக்க மாட்டார்கள், பார் கவுன்சில் விதியே அப்படி. பி.பி.ஏ.வா, பி.காமா என்றால், வரி, ஜி.எஸ்.டி., திவால் பக்கம் போக ஆசை இருந்தால் கணக்கு அதிகம் உள்ள பி.காம்., எல்எல்.பி. நல்லது என்பது என் அபிப்பிராயம். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியில் +2 மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கிறார்கள், தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்குப் பெரும்பாலும் கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வருகைப்பதிவு 70 சதவீதம், அதில் விளையாடாதீர்கள். முடித்த பிறகு பதிவு, அகில இந்திய பார் தேர்வும் எழுத வேண்டும். பதிவுக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள், சட்டத்தில் உள்ளதற்கு மேல் வாங்கக்கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125. கோட்டுக்கும் கவுனுக்கும் அதைவிடக் கூட ஆகும், எங்கள் ஊரில் தைத்தாலும்.